கோத்தன்பர்க் ஆற்றங்கரையில் வீடு தேடுகிறீர்களா? முதல் மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

என் பர்சனல் நம்பர் (ஸ்வீடன் அரசு தரும் அடையாள எண்) கடிதம் நான் இருந்த கட்டடம் வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது. காரணம் ஒன்றே ஒன்றுதான்: கதவில் என் பெயர் இல்லை. தபால்காரர் மூன்றாவது மாடி வரை ஏறி வந்து, வேறு யாரோ ஒரு ஸ்வீடன்காரர் பெயரைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். எனக்கு அது தெரியவே ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் வங்கிக் கணக்கு இல்லை, அடையாள அட்டை இல்லை, சம்பளத்தைக் கையில் வாங்க வழியில்லை.

இங்கே லிண்ட்ஹோல்மன் பக்கம் வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதே வரிசையில் இதே தப்புகளைச் செய்கிறார்கள். வேலை அனுமதியோடு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தொகைகள் நான் கொடுத்தவை, சுற்றி இருந்தவர்கள் கொடுத்தவை. கொஞ்சம் ஏறியிருக்கலாம், குறைந்திருக்க வாய்ப்பில்லை.

1. முதலில் முடிவு செய்ய வேண்டியது: வடகரையா, தென்கரையா?

ஊரை நடுவே வெட்டிக்கொண்டு ஓடுவது யோத்தா எல்வ் ஆறு. தெற்கே பழைய நகரம், ரயில் நிலையம், கடைத்தெரு. வடக்கே ஹிசிங்கன் என்னும் பெரிய தீவு. வோல்வோவும் லிண்ட்ஹோல்மனில் உள்ள மென்பொருள் அலுவலகங்களும் வடக்கில்தான். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு விரல்கடை தூரம்தான் தெரியும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நடந்தோ டிராமிலோ கடக்க ஊர் நடுவில் இருப்பது ஹிசிங்ஸ்ப்ரூன் பாலம் ஒன்றுதான். 2021-இல் திறந்த பாலம் இது. தண்ணீரிலிருந்து 12 மீட்டர் உயரம்தான் என்பதால், பெரிய படகு வந்தால் நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்குவார்கள். டிராம், பஸ், சைக்கிள், நீங்கள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். காலை, மாலை நெரிசல் நேரத்தில் பெரும்பாலும் தூக்குவதில்லை. ஆனால் பதினொரு மணிக்கு ஆபீசில் சந்திப்பு என்றால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கே எல்வ்ஸ்போரி தொங்குபாலம் உண்டு. அது முக்கியமாகக் கார்களுக்கானது. சைக்கிளிலும் போகலாம், காற்று உங்களைத் திருப்பி அனுப்பாவிட்டால்.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கரையில் நடப்பதற்கு ஒதுக்குங்கள்

இணையத்தில் படம் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். முதல் வாரம் ஹோட்டலிலோ நண்பர் வீட்டிலோ தங்கி, கரையை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இது.

லில்லா பொம்மனில் தொடங்குங்கள் (கட்டபொம்மனுக்கு உறவில்லை). சிவப்பும் வெள்ளையுமாக லிப்ஸ்டிக் மாதிரி நிற்கும் கட்டடம் தெரியும். ஊர்க்காரர்களும் அதை லிப்ஸ்டிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஆப்பரா அரங்கம், நான்கு பாய்மரத்தோடு நிற்கும் பார்கன் வைக்கிங் கப்பல். அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஸ்டேன்பீரன். டிராம், பஸ், படகு மூன்றும் சேரும் இடம் இதுதான். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உங்கள் பாதி நாட்கள் இங்கேதான் கழியப் போகின்றன.

ஸ்டேன்பீரனில் படகு ஏறி லிண்ட்ஹோல்மனில் இறங்குங்கள். வானத்தைக் குத்திக்கொண்டு நிற்பது கார்லாடூர்னெட், 246 மீட்டர், ஸ்காண்டிநேவிய நாடுகளிலேயே உயரமான கட்டடம். பனிமூட்டமான நாளில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அங்கிருந்து மேற்கே தண்ணீரை விடாமல் நடந்தால், ஸ்லோட்ஸ்பெரியெட் என்னும் சின்னப் பாறைக்குன்றில் பழைய மர வீடுகள், பிறகு சன்னெகோர்ட்ஸ்ஹாம்னன் படகுத்துறை, கடைசியில் எரிக்ஸ்பெரியின் ஆரஞ்சு நிறக் கிரேன். கப்பல் கட்டிய காலத்து மிச்சம் அது, 84 மீட்டர் உயரம். ஊருக்குள் வழி தவறினால் தலையைத் தூக்கி அந்தக் கிரேனைத் தேடுங்கள், திசை கிடைத்துவிடும். மொத்தம் அரை மணி நடை.

எரிக்ஸ்பெரியில் மறுபடி படகு ஏறினால் சில நிமிடத்தில் எதிர்க்கரையில் கிளிப்பன். தொங்குபாலத்துக்குக் கீழே, பழைய கொதிகலன் கட்டடத்தில் ரூடா ஸ்டேன் கலைக்கூடம். அங்கிருந்து மேட்டில் ஏறி மயூர்னா, மாஸ்ட்ஹுக்கெட் வழியாக ஊருக்குத் திரும்புங்கள். மாஸ்ட்ஹுக்கெட் தேவாலய வாசலில் நின்றால் இவ்வளவு நேரம் நடந்தது மொத்தமும் காலடியில் விரிந்து கிடக்கும். எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று அங்கே நின்று யோசியுங்கள்.

3. பேட்டை பேட்டையாக என் கருத்து

எரிக்ஸ்பெரி: குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு. புதிய கட்டடங்கள், லிஃப்ட் உண்டு, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாஷிங் மெஷின். வாடகை அதிகம். மொட்டைமாடிக் கனவோடு வருகிறவர்கள் கவனிக்க: ஆற்றைப் பார்த்த பால்கனியில் அக்டோபர் முதல் மார்ச் வரை துணி காய வைக்க முடியாது, துணி எதிர்க்கரைக்குப் போய்விடும்.

சன்னெகோர்டன்: எரிக்ஸ்பெரியின் அமைதியான தங்கை. படகுத்துறையைச் சுற்றி வீடுகள். இரவில் காற்றடித்தால் பாய்மரக் கம்பங்களில் கயிறு மோதி டிங், டிங் என்று விடியும் வரை கேட்கும். எனக்கு முதல் வாரம் தூக்கமே இல்லை. இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்.

லிண்ட்ஹோல்மன்: ஆபீஸ் வாசலிலேயே வீடு. சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமும் இங்கே இருப்பதால் பகலில் ஜேஜே என்றிருக்கும். ஆறு மணிக்கு மேல் ஆளரவம் குறைந்துவிடும். சுற்றிலும் கட்டுமான வேலை இன்னும் ஓயவில்லை.

க்வில்லபெக்கன், பக்காபிளான்: ஆற்றைவிட்டுச் சற்று உள்ளே. காட்சி அழகு கேட்காதீர்கள், வசதி கேளுங்கள். டிராம் பக்கம், பெரிய கடைகள் பக்கம், சுற்றுவட்டத்தில் அரபு மளிகைக் கடைகள். கொத்தமல்லி கட்டாகக் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் தொட்டியில் விற்கும் நான்கு தழை இல்லை. தனியாக வருகிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

மயூர்னா, மாஸ்ட்ஹுக்கெட்: தென்கரை. கீழ்த்தளம் கல், மேல் இரண்டு தளம் மரம் என்று கட்டிய பழைய குடியிருப்புகள். பார்க்க அவ்வளவு அழகு. லிஃப்ட் அநேகமாக இருக்காது, துணி துவைக்க அடித்தளத்தில் பொது அறை, அதற்கு முன்பதிவு. மரத்தளம் என்பதால் நீங்கள் இடிக்கும் இஞ்சி பூண்டு கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்கும். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி வேண்டாம்.

4. விமானம் ஏறும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் அனுமதி குறைந்தது ஒரு வருடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்குகிறவரை மக்கள் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள், பர்சனல் நம்பரும் கிடைக்காது. பதினொரு மாத ஒப்பந்தத்தோடு வந்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து சான்றிதழ்கள். குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லும் என்று நம் வெளியுறவு அமைச்சகம் வைக்கும் முத்திரை) அசலாகக் கொண்டு வாருங்கள். கல்யாண மண்டப ரசீதும் பத்திரிகையும் உதவாது, பதிவுத்துறைச் சான்றிதழ்தான் வேண்டும். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும். அப்போஸ்டிலுக்கு முன்னால் மாநில அரசின் சான்றொப்பம் வேண்டியிருக்கும், ஆகவே ஒரு மாதம் ஒதுக்குங்கள். இங்கே வந்த பிறகு அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடாதீர்கள்.

கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நமக்கு இனிஷியல் தொல்லை எப்போதும் உண்டு. இங்கே எல்லாமே கடவுச்சீட்டில் உள்ளபடிதான் பதிவாகும். ஒரு இடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் ஊர் பெயரோடும் இருந்தால் வருவதற்கு முன்பே சரி செய்யுங்கள்.

5. பணம்: முதல் சம்பளம் வரை எவ்வளவு?

சம்பளம் பொதுவாக 25-ஆம் தேதி வரும். வாடகை மாத முடிவுக்குள் முன்கூட்டியே கட்ட வேண்டும். நான் தேடியபோது ஆற்றங்கரைப் புதுக் கட்டடங்களில் ஒரு படுக்கையறை வீடு உள்வாடகைக்கு 13,000 முதல் 17,000 குரோனா வரை கேட்டார்கள். அட்வான்ஸ் ஒரு மாதமோ இரண்டு மாதமோ. ஆக 14,000 என்று வைத்தால்கூட சாவி கைக்கு வரும் முன் 28,000 போய்விடும். சாப்பாடு, போக்குவரத்து, கம்பளிக் கோட்டு சேர்த்து ஐம்பதாயிரம் குரோனா தேவை. குரோனாவுக்கு இன்று எத்தனை ரூபாய் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். இங்கே ரொக்கத்துக்குப் பெரிய மதிப்பில்லை, பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். வெளிநாட்டில் செல்லும் அட்டை இரண்டு கொண்டு வாருங்கள், ஒன்று முடங்கினால் மற்றொன்று.

6. வீடு பிடிப்பது

விளம்பரத்தில் “2 ரூம்” என்று இருந்தால் இரண்டு படுக்கையறை என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். ஹாலையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். 2 ரூம் என்றால் நம் கணக்கில் ஒரு பெட்ரூம் வீடு, 3 ரூம் என்றால் இரண்டு.

நேரடி வாடகைக்கு நகரத்தின் பூப்ளாட்ஸ் தளத்தில் வரிசை இருக்கிறது. வந்த முதல் வாரமே பெயரைப் போட்டு வையுங்கள். ஆனால் அதில் வீடு கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு வாய்ப்பது உள்வாடகைதான், இங்கே ஆந்த்ராஹாண்ட் என்பார்கள். பிளாக்கெட், காசா தளங்களில் தேடுங்கள். மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

ஒன்று, உள்வாடகை விட உங்களுக்குச் சம்மதக் கடிதம் இருக்கிறதா? வீட்டின் உண்மையான உரிமையாளரோ குடியிருப்பு சங்கமோ எழுத்தில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் உங்களைக் கிளம்பச் சொல்வார்கள்.

இரண்டு, இந்த முகவரியில் நான் பதிவு செய்துகொள்ளலாமா? “வேண்டாமே, கொஞ்சம் சிக்கல்” என்று இழுத்தால் அந்த வீடு வேண்டாம். முகவரி இல்லாவிட்டால் அடுத்த படி எதுவுமே நகராது.

மூன்று, கதவிலும் தபால் பெட்டியிலும் என் பெயரை ஒட்டலாமா? இதை நான் கேட்கவில்லை. விளைவு மேலே படித்தீர்கள். ஒட்ட முடியாது என்றால் முகவரியில் வீட்டுக்காரர் பெயரை “சி/ஓ” போட்டுச் சேர்க்க வேண்டும், பதிவு விண்ணப்பத்திலும் அப்படியே எழுத வேண்டும். ஒரு வெள்ளைத்தாள், செலோடேப், கொட்டை எழுத்தில் உங்கள் பெயர். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒட்டுங்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. “நான் லண்டனில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்பவர் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நீங்கள் இந்தியாவிலேயே இருந்துகொண்டு தேடுகிறீர்கள் என்றால், இங்கே இருக்கும் தெரிந்தவர் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டிபனுக்கு ஒத்துக்கொள்வார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் என்று நிறைய வீடுகள் வரும். வீட்டுக்காரர் கோடை விடுமுறைக்குப் போகிறார், அவ்வளவுதான். ஆகஸ்ட் கடைசியில் மாணவர்கள் குவியும் நேரத்தில் நீங்கள் தெருவில் நிற்பீர்கள். முடிந்தால் அக்டோபர், நவம்பரில் வாருங்கள். இருட்டும் மழையும் இருக்கும், ஆனால் போட்டி குறைவு. ஜூலையில் வரவே வேண்டாம், நாடே விடுமுறையில் இருக்கும்.

7. பர்சனல் நம்பர், அடையாள அட்டை, பேங்க் ஐடி: இதே வரிசையில்

முதலில் வரித்துறை, அதாவது ஸ்காட்டெவெர்கெட். “ஸ்வீடனுக்குக் குடிவந்திருக்கிறேன்” என்ற விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிவிட்டு, அரசு சேவை மையத்துக்குக் குடும்பத்தோடு நேரில் போக வேண்டும். கைக்குழந்தையும் வர வேண்டும். கடவுச்சீட்டு, குடியிருப்பு அனுமதி அட்டை, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்திருங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம்.

பதில் எப்போது வரும் என்பது அதிர்ஷ்டம். ஒருவருக்கு இரண்டு வாரம், அதே நாளில் கொடுத்த இன்னொருவருக்கு இரண்டு மாதம். நான்கு வாரம் தாண்டினால் போன் செய்து கேளுங்கள். கடிதம் கிளம்பிவிட்டதா, எந்த முகவரிக்கு என்று கேட்பதில் தப்பில்லை. நான் கேட்டதால்தான் திரும்பிப் போன விஷயமே தெரிந்தது.

நம்பர் வந்ததும் அடையாள அட்டை. கட்டணம் நான் கட்டியபோது 400 குரோனா. அதை நேரம் குறித்த நாளுக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும், கவுன்டரில் நீட்ட முடியாது. உங்களிடம் ஸ்வீடன் வங்கிக் கணக்கு இருக்காது, ஆகவே நண்பரைக் கட்டச் சொல்லி, அதில் உங்கள் நம்பரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அங்கே படம் எடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், உயரமும் அளப்பார்கள். அட்டைக்குச் சில வாரம்.

அட்டை வந்த பிறகுதான் வங்கி, அதற்குப் பிறகுதான் பேங்க் ஐடி, அதாவது இணையத்தில் நீங்கள்தான் என்று காட்ட வங்கி தரும் மின்னணு அடையாளம். இந்த பேங்க் ஐடி இல்லாமல் இங்கே மனிதன் அரை மனிதன். டாக்டர் நேரம், பள்ளி விண்ணப்பம், வரிக் கணக்கு, பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலி, எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. பெரும்பாலான வங்கிகள் கடவுச்சீட்டை மட்டும் காட்டினால் கணக்கு கொடுத்தாலும் பேங்க் ஐடி கொடுக்காது. ஒரு கிளையில் முடியாது என்றால் சோர்ந்து போகாமல் வேறு கிளைக்கும் போய்ப் பாருங்கள்.

குழந்தை இருந்தால் நம்பர் வந்த அன்றே இரண்டு வேலை: மழலையர் பள்ளிக்கு வரிசை (இடம் கொடுக்க நான்கு மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம்), காப்பீட்டு அலுவலகத்தில் குழந்தை உதவித்தொகை. ஒரு குழந்தைக்கு மாதம் 1,250 குரோனா.

8. படகு, டிராம், டிக்கெட்

வெஸ்ட்ராஃபிக் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க ஏ மண்டலம், ஒரு டிக்கெட்டில் 90 நிமிடம் டிராம், பஸ், படகு எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். தெற்கே உள்ள தீவுகளுக்குப் போகும் படகுக்கும் அதே டிக்கெட்தான். மாதச் சீட்டு நான் வாங்கியபோது 900 குரோனாவை ஒட்டி வந்தது.

ஸ்டேன்பீரனில் இரண்டு வகைப் படகு வந்து நிற்கும். லிண்ட்ஹோல்மனுக்கு மட்டும் போய்வரும் 286-க்கு நான் போய்வந்த காலம் முழுக்கக் கட்டணம் இல்லை, அப்போது வேலைநாட்களில்தான் ஓடியது. கிளிப்பன் வரை போகும் 285-க்கு டிக்கெட் வேண்டும். “படகு இலவசம்” என்று யாரோ சொன்னதை நம்பி 285-இல் ஏறி உட்கார்ந்த ஒரு கோயம்புத்தூர் நண்பர், பரிசோதகரிடம் ஆயிரத்துக்கும் மேல் அபராதம் கட்டினார். எண்ணைப் பார்த்து ஏறுங்கள். சைக்கிளையும் கூடவே ஏற்றலாம்.

கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு சேதி. வேலைநாட்களில் காலை ஆறு முதல் மாலை ஆறரை வரை பாலங்களைக் கடக்க நெரிசல் வரி உண்டு, நாளுக்கு அதிகபட்சம் 60 குரோனா. நீங்கள் நிறுத்த வேண்டாம், கேமரா எண்ணைப் பிடித்து பில் அனுப்பிவிடும். அடுத்தது, நம் ஊர் ஓட்டுநர் உரிமம் மக்கள் பதிவேட்டில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் செல்லும். மாற்றித் தர மாட்டார்கள், முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும்.

9. மின்சாரம், வீட்டுக் காப்பீடு

மின்சாரத்துக்கு இரண்டு பில். கம்பிக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. கம்பிக்காரரை மாற்ற முடியாது. கரண்டு விற்பவரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா விட்டால் தானாக ஒரு ஒப்பந்தத்தில் போட்டுவிடுவார்கள், அது விலை கூடுதல். வாடகையில் மின்சாரம் சேர்த்தியா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வீட்டுக் காப்பீடு மாதம் நூறு, இருநூறு குரோனாவில் முடியும். பல வீட்டுக்காரர்கள் அதைக் கட்டாயமாகவே கேட்பார்கள்.

10. வீடு மாறினால்

முதல் வீட்டில் யாரும் நிலைப்பதில்லை. மாறிய ஒரு வாரத்துக்குள் புது முகவரியை வரித்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். பேங்க் ஐடி இருப்பதால் இந்த முறை ஐந்து நிமிட வேலை. பள்ளிக்கும் வங்கிக்கும் தனித்தனியாகச் சொல்லத் தேவையா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கதவில் பெயர், அதே நாளில். பழைய கதவில் ஒட்டியிருந்ததையும் கிழித்துவிட்டு வாருங்கள். நான் விட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பிறகு குடிவந்த மதுரைத் தம்பி, “அண்ணே, உங்க நெரிசல் வரி பில் மூணு இங்க கெடக்கு” என்று போன் செய்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது.